சேது கால்பந்துக் கழகத்தின் 2018-19 பருவம்: 18 நாளில் முடிந்த வெற்றி

2019ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதிப்போட்டியில், மதுரையைச் சேர்ந்த சேது கால்பந்துக் கழகம் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்ற கோல் கணக்கில் வென்றது. தமிழ்நாட்டின் கழகம் ஒன்று இந்தப் பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. ஒரு பொறியியல் கல்லூரியின் பெயரைத் தாங்கிய அணி, தொடங்கிய மூன்றாண்டுகளில் நாட்டின் முதன்மையான மகளிர் கழகமாக உயர்ந்தது. எனினும் அந்த அணியின் லீக் பருவம் முழுவதும் 18 நாட்களில் முடிந்துவிட்டது. ஊர் மக்கள் முன்னிலையில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. அந்தப் பருவத்தின் வரலாற்றையும், இவ்வளவு பெரிய வெற்றி இவ்வளவு சிறிய காலத்துக்குள் அடங்கிப்போனதன் காரணத்தையும் இக்கட்டுரை கூறுகிறது.

பெயரும் ஊரும்

'சேது' என்ற சொல்லுக்கு அணை, பாலம் என்பது பொருள். இராமேசுவரத்தை ஒட்டிய கடற்பகுதிக்கு இப்பெயர் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அப்பகுதியைக் காத்து ஆண்ட இராமநாதபுரம் மன்னர்கள் 'சேதுபதி' என்ற பட்டத்தைத் தாங்கினர். இன்றும் இராமநாதபுரம், மதுரை வட்டாரங்களில் பள்ளிகள், கடைகள், பேருந்துகள், பிள்ளைகள் எனப் பலவற்றுக்கும் சேது என்று பெயர் வைக்கும் வழக்கம் உண்டு.

அந்தப் பெயரைக் கொண்ட சேது தொழில்நுட்பக் கல்லூரி 1995ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் வழியில், காரியாபட்டியை அடுத்த புல்லூரில் அது அமைந்துள்ளது. காரியாபட்டி இப்போது விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. 1985ஆம் ஆண்டு வரை இப்பகுதி ஒன்றுபட்ட இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டில்தான் பழைய மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. வானம் பார்த்த பூமி, கண்மாய்ப் பாசனம், கருவேலங்காடு என்ற அளவில்தான் வெளியூரார் இந்த வட்டாரத்தை அறிந்திருந்தனர்.

இக்கல்லூரியின் நிர்வாகத்தைச் சார்ந்தவர்களின் ஆதரவில் 2016ஆம் ஆண்டு சேது கால்பந்துக் கழகம் உருவானது. நம் நாட்டில் புதிய கழகம் தொடங்குவோர் பெரும்பாலும் ஆண்கள் அணியை முதலில் அமைப்பர். மகளிர் அணி பிறகு வரும், அல்லது வராமலே போகும். சேது கழகம் மகளிர் அணியாலேயே பெயர் பெற்றது.

லீக் பிறந்த கதை

இந்தியப் பெண்கள் கால்பந்து ஆடத் தொடங்கியது அண்மையில் அன்று. 1975ஆம் ஆண்டிலேயே இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு என்ற தனி அமைப்பு ஏற்பட்டது. 1980ஆம் ஆண்டு தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1983ஆம் ஆண்டிலும் இரண்டாம் இடம் கிடைத்தது. அத்தகைய தொடக்கத்துக்குப் பிறகும் பெண்களுக்கென்று நாடு தழுவிய கழகப் போட்டி ஒன்று வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்தும் இந்திய மகளிர் லீக் 2016-17இல்தான் தொடங்கியது. முதல் பட்டத்தை மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் வென்றது. 2017-18இல் ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட் கழகம் வென்றது. ஷில்லாங்கில் நடந்த அந்த இரண்டாம் தொடரில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு அணிகள் இறுதிச் சுற்றில் ஆடின. ஒன்று சேது கழகம். மற்றது கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகம்.

கடலூரின் பங்கு

சேது அணியின் வெற்றியைப் புரிந்துகொள்ளக் கடலூரையும் அறிய வேண்டும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை தாக்கிய கடற்கரை ஊர்களில் கடலூரும் ஒன்று. பேரலையில் பெற்றோரை இழந்த சிறுமியரும் வறிய குடும்பத்துச் சிறுமியரும் அங்கே கால்பந்துப் பயிற்சி பெற்றனர். பயிற்சியாளர் மாரியப்பன் அவர்களை வளர்த்தெடுத்தார். தமிழ்நாட்டு மகளிர் அணிக்கு அதன்பின் பல ஆண்டுகள் கடலூர் வீராங்கனைகளே முதுகெலும்பாக இருந்தனர்.

அவ்வாறு வந்தவர்களில் குறிப்பிடத்தக்கவர் இந்துமதி கதிரேசன். நடுக்களத்தில் ஆடும் இவர் இந்திய அணியிலும் இடம்பெற்றார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியில் சேர்ந்தார். கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்கு ஆடியவர். இருவரும் சேது கழகத்தின் சட்டையை அணிந்தனர்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒடிசாவில் நடந்த தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு அணி மணிப்பூரை 2-1 என்று வென்றது. மணிப்பூர் அந்தப் பட்டத்தைப் பலமுறை தன்வசம் வைத்திருந்த மாநிலம். தமிழ்நாடு அதை வென்றது அதுவே முதல் முறை. ஆகவே 2019இல் சேது அணி பெற்ற வெற்றியைத் திடீரென்று வந்ததாகக் கருத முடியாது. ஒரு தலைமுறைப் பயிற்சியின் விளைச்சல் முதலில் மாநில அணியில் தெரிந்தது. அடுத்த ஆண்டில் கழக அணியில் தெரிந்தது.

அணி சேர்ந்த விதம்

2018-19 பருவத்துக்குச் சேது கழகம் தமிழ்நாட்டு வீராங்கனைகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. பஞ்சாபைச் சேர்ந்த மனிஷா கல்யாண் அப்போது பதின்பருவத்தினர். அவர் இந்த அணியில் இடம்பெற்றார். நேபாளத்தின் புகழ்பெற்ற முன்கள வீராங்கனை சாபித்ரா பண்டாரியும் சேர்ந்தார். தலைமைப் பயிற்சியாளராக இருந்தவரும் ஒரு பெண்ணே. அவர் கேரளத்தைச் சேர்ந்த அம்ருதா அரவிந்த்.

இங்கே ஒரு செய்தி நினைவுகொள்ளத்தக்கது. 2019 மார்ச் 22 அன்று நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்தது. இந்தியா நேபாளத்தை 3-1 என்று வென்றது. இந்தியாவின் அணியில் இந்துமதி இருந்தார். நேபாளத்தின் அணியில் சாபித்ரா இருந்தார். நேபாளத்தின் ஒரே கோலை அடித்தவரும் அவரே. அன்று எதிரெதிராக நின்ற இருவரும் சரியாக இரண்டு மாதம் கழித்து, மே 22 அன்று, ஒரே அணியின் வெற்றியில் பங்குகொண்டனர். அன்றும் கோல் கணக்கு 3-1 தான்.

லூதியானாவில் 18 நாட்கள்

இந்திய மகளிர் லீக்கின் மூன்றாம் தொடரின் இறுதிச் சுற்று 2019 மே 5 முதல் மே 22 வரை லூதியானாவின் குருநானக் மைதானத்தில் நடந்தது. போட்டி நடந்த முறையை மாணவர்கள் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது.

மொத்தம் 12 அணிகள். அவை ஆறு ஆறாக இரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில் உள்ள ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளுடன் ஒருமுறை மோதும். ஆகவே ஒரு பிரிவுக்கு 15 ஆட்டங்கள்; இரண்டு பிரிவுக்கும் சேர்த்து 30. ஒவ்வொரு பிரிவிலும் முதலிரண்டு இடம் பெற்ற அணிகள் அரையிறுதிக்குச் செல்லும். இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி எனச் சேர்த்தால் 33 ஆட்டங்கள். இவை அனைத்தும் 18 நாட்களுக்குள், ஒரே நகரில்.

இறுதிவரை சென்ற அணி 7 ஆட்டங்கள் ஆடியிருக்கும். அப்படியானால் சராசரியாக இரண்டரை நாளுக்கு ஓர் ஆட்டம். கால்பந்தில் ஓர் ஆட்டத்துக்குப் பிறகு உடல் பழைய நிலைக்குத் திரும்பவே இரண்டு மூன்று நாட்கள் தேவை. மே மாதத்துப் பஞ்சாப் வெயிலோ மதுரை வெயிலுக்குக் குறைந்ததன்று. ஒரு வீராங்கனைக்குக் கணுக்கால் சுளுக்கினால், அது ஆறுவதற்குள் பருவமே முடிந்துவிடும். பாரதப் போரும் 18 நாள்தான் நடந்தது என்று சொல்வார்கள். ஓர் ஆண்டு முழுவதும் பயிற்சி செய்த அணிகளுக்கு இந்த 18 நாளே களமாக இருந்தது.

இறுதிப்போட்டியில் சேது அணியை எதிர்கொண்டது மணிப்பூர் போலீஸ். அந்த அணியின் முன்களத்தில் பாலா தேவி இருந்தார். அந்தத் தொடரில் 7 ஆட்டங்களில் 26 கோல்களை அவர் அடித்தார். சராசரியாகப் பார்த்தால் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ நான்கு கோல். அடுத்த ஆண்டு, 2020 சனவரியில், ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. அத்தகைய ஒருவரைக் கொண்ட அணி இறுதிப்போட்டியில் ஒரே ஒரு கோலுடன் நின்றது. சேது அணி மூன்று கோல் அடித்ததற்கு நிகரான சாதனை, அதன் தற்காப்பு வரிசை அந்த ஒன்றோடு எதிரணியை நிறுத்தியது.

அந்த 26 என்ற எண்ணுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஒருவர் ஏழு ஆட்டங்களில் இத்தனை கோல் அடிக்க முடிந்தது என்றால், அவருடைய திறமை ஒரு காரணம்; அணிகளுக்கிடையே இருந்த பெரும் ஏற்றத்தாழ்வு மற்றொரு காரணம். ஆண்டுக்குச் சில ஆட்டங்களே ஆடும் அணிகள், இந்திய அணி வீராங்கனைகளைக் கொண்ட அணிகளின் முன் நிற்க வேண்டியிருந்தது.

ஒரே ஆண்டில் இரண்டு பட்டங்கள்

2019ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு அரிய ஆண்டு. அதே 2018-19 பருவத்தில் ஆண்களுக்கான ஐ-லீக் பட்டத்தைச் சென்னை சிட்டி கழகம் வென்றது. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் நடந்த கடைசி ஆட்டத்தில் அது மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று, 43 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றது. இரண்டரை மாத இடைவெளியில் ஆண்கள், பெண்கள் என இரு பட்டங்களும் தமிழ்நாட்டுக்கு வந்தன.

இரு அணிகளின் பருவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

சென்னை சிட்டி அணி 2018 அக்டோபர் 26இல் தொடங்கி 2019 மார்ச் 9 வரை ஆடியது. அது நான்கரை மாதம். மொத்தம் 20 ஆட்டங்கள். அவற்றில் 10 ஆட்டங்கள் சொந்த மைதானமான கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் நடந்தன. உள்ளூர் மக்கள் பலமுறை தங்கள் அணியைப் பார்த்தனர். வீரர்களின் பெயர்களை அறிந்தனர். கடைசி நாள் வரை புள்ளிக் கணக்கைப் போட்டுப் பார்த்தனர்.

சேது அணியின் பருவம் 18 நாள். 7 ஆட்டங்கள். சொந்த ஊரில் ஆடியது ஒன்றுமில்லை. எல்லா ஆட்டங்களும் 2,500 கிலோமீட்டருக்கும் அப்பால் நடந்தன. காரியாபட்டியிலோ மதுரையிலோ ஒரு பள்ளி மாணவி அந்த அணியை நேரில் பார்க்க விரும்பியிருந்தால், அவள் பஞ்சாபுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

வெற்றிக்குப் பின் கிடைத்த வாய்ப்பும் ஒன்றாக இல்லை. ஐ-லீக் பட்டத்தால் சென்னை சிட்டிக்கு ஆசியக் கழகங்களுக்கான ஏ.எஃப்.சி. கோப்பையில் ஆடும் தகுதி கிடைத்தது. ஆசிய மகளிர் கழகங்களுக்கு அப்போது அவ்வாறான முறையான போட்டியே இல்லை. 2019 நவம்பரில் தென்கொரியாவில் சோதனை முறையில் ஒரு தொடர் நடந்தது. ஆனால் சப்பான், தென்கொரியா, சீனா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகளின் கழகங்களே அதில் ஆடின. சேது அணிக்கு லூதியானாவே கடைசி எல்லையாயிற்று.

மைதானம் ஏன் முக்கியம்

ஓர் அணி எங்கே ஆடுகிறது என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். இங்கிலாந்தின் வரலாறு அதன் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் அங்கே தொழிற்சாலைப் பெண்கள் கால்பந்து அணிகளை அமைத்தனர். பிரஸ்டன் நகரின் ஒரு தொழிற்சாலையில் தோன்றிய டிக் கெர் மகளிர் அணி அவற்றுள் புகழ்பெற்றது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் அந்த அணி ஆடியதை ஏறத்தாழ 53,000 பேர் பார்த்தனர்.

அடுத்த ஆண்டு, 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு முடிவெடுத்தது. தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக்கூடாது என்பதே அந்த முடிவு. பெண்கள் பந்தை உதைப்பதை அது தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. மைதானத்தை மட்டும் மறுத்தது. அதுவே போதுமானதாயிற்று. பார்வையாளர் குறைந்தனர், வருவாய் நின்றது, பெண்கள் கால்பந்து பூங்காக்களுக்கும் வெற்றிடங்களுக்கும் ஒதுங்கியது. அந்தத் தடை நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

இந்தியாவில் அத்தகைய தடை எதுவும் இல்லை. லீக்கை ஒரே நகரில், குறுகிய நாட்களில் நடத்தியதற்குச் செலவுச் சிக்கனமே பெரிய காரணம். 12 அணிகளை நாடு முழுவதும் பயணம் செய்யவைப்பதைவிட ஓரிடத்தில் தங்கவைப்பது எளிது. ஆனால் விளைவில் ஒரு பகுதி ஒன்றுபோலவே இருந்தது. சொந்த மைதானம் இல்லாத அணிக்குச் சொந்தப் பார்வையாளர் உருவாவதில்லை. பார்வையாளர் இல்லாத இடத்தில் விளம்பரம் தருவோர் வருவதில்லை. அப்போது அணியின் ஆயுள் அதைத் தாங்கும் ஒரு கல்லூரி, ஒரு காவல்துறை, ஒரு நிறுவனம் ஆகியவற்றின் மனத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. அந்த இறுதிப்போட்டியில் மோதிய இரு அணிகளில் ஒன்று கல்லூரியின் பெயரையும் மற்றது காவல்துறையின் பெயரையும் கொண்டிருந்தது தற்செயல் அன்று.

பிறகு நடந்தவை

2019-20 தொடரைக் கேரளத்தின் கோகுலம் கழகம் வென்றது. சாபித்ரா பண்டாரியும் மனிஷா கல்யாணும் அப்போது அந்த அணிக்குச் சென்றிருந்தனர். மனிஷா பின்னர் சைப்ரஸ் நாட்டின் அப்போலோன் கழகத்தில் சேர்ந்து, 2022இல் ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார். 18 நாள் பருவத்தில் தன் திறமையைக் காட்டிய பதின்பருவப் பெண், மூன்றே ஆண்டுகளில் எட்டிய உயரம் அது.

கொரோனாப் பெருந்தொற்றால் ஒரு பருவம் நடக்கவில்லை. 2021-22 தொடர் புவனேசுவரத்தில் 2022 ஏப்ரல் 15 முதல் மே 26 வரை நடந்தது. இம்முறை 12 அணிகளும் ஒரே பிரிவில் ஆடின. ஓர் அணிக்கு 11 ஆட்டங்கள். சேது அணி முதல் 10 ஆட்டங்களையும் வென்றது. கோகுலம் அணியும் 10 ஆட்டங்களையும் வென்றது. இரண்டும் 30 புள்ளிகளுடன் கடைசி நாளில் நேருக்கு நேர் மோதின. சேது அணி 1-3 என்று தோற்று இரண்டாம் இடம் பெற்றது. மூன்றாண்டுக்கு முன் பட்டம் தந்த கோல் கணக்கே இம்முறை பட்டத்தைப் பறித்தது.

லீக்கும் மெல்ல மாறியது. 2023 டிசம்பரில் தொடங்கிய பருவத்தில் முதன்முறையாக உள்ளூர், வெளியூர் முறை வந்தது. ஏழு அணிகள், ஒவ்வோர் அணிக்கும் 12 ஆட்டங்கள், அவற்றில் பாதி சொந்த மைதானத்தில். 2024-25இல் எட்டு அணிகளும் ஓர் அணிக்கு 14 ஆட்டங்களும் என ஆயிற்று. 2019இல் 7 ஆட்டங்களாக இருந்த சாம்பியனின் பருவம் ஆறு ஆண்டுகளில் இரண்டு மடங்காகியது. ஆசியாவிலும் மகளிர் சாம்பியன்ஸ் லீக் 2024-25இல் முறையாகத் தொடங்கியது. இந்தியாவிலிருந்து ஒடிசா கழகம் அதில் ஆடியது. 2019இல் சேது அணிக்கு மூடியிருந்த கதவு அது.

முடிவுரை

விளையாட்டு வரலாற்றில் வெற்றிப் பட்டியல் எளிதில் கிடைக்கும். 2018-19: சேது கால்பந்துக் கழகம், தமிழ்நாடு என்ற ஒரு வரி அதில் இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் கடலூர்க் கடற்கரையில் தொடங்கிய பயிற்சி உள்ளது; வறண்ட வட்டாரத்துக் கல்லூரி ஒன்று பெண்கள் அணியை நம்பியது உள்ளது; எல்லை தாண்டி வந்த நேபாள வீராங்கனையும் உள்ளார்.

அந்த வீராங்கனைகளுக்கு ஓராண்டு உழைப்பைக் காட்ட 7 ஆட்டங்களே தரப்பட்டன. அந்த ஏழைக் கொண்டு பட்டத்தை வென்றனர். இன்று தமிழ்நாட்டில் ஒரு சிறுமிக்கு 14 ஆட்டங்கள் கொண்ட பருவம் காத்திருக்கிறது. அந்த ஆட்டங்களில் பாதியாவது அவளுடைய ஊரார் பார்க்கும் தொலைவில் நடக்குமானால், லூதியானாவில் கிடைத்த பட்டம் உண்மையில் ஊர் வந்து சேர்ந்ததாகக் கொள்ளலாம்.